கல்லில் நிற்கும் தாழை

கற்றாழை என்ற பெயரை ஒருமுறை விரையாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ககரத்தில் தொடங்கும் ஒலி, இரட்டித்த றகரத்தில் நுனிநாவால் அண்ணத்தை அழுத்திச் சற்றே நின்று, ஆகார நெடிலில் விரிந்து, ழகரத்தில் நா வளைய மெல்ல அடங்குகிறது. காற்று காத்தாகவும் நேற்று நேத்தாகவும் திரிந்ததுபோல் இதுவும் பேச்சில் கத்தாழையாகித் தமிழகத் தெருக்களில் உலவுகிறது. யாழ்ப்பாணத்தார் நாவிலோ அந்த இரட்டை றகரம் தகரமாய் மழுங்காமல் தன் வல்லோசையோடு இன்றும் நிற்கிறது. அந்த றகரத்தைத்தான் நாம் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும், பெயரின் பொருள் அதற்குள் இருப்பதால்.

கல்லும் தாழையும் புணர்ந்து பிறந்த சொல் இது. கல்லும் தூணும் கூடிக் கற்றூண் ஆகவில்லையா? வேலியில் கள்ளியோடு சேர்ந்து வளர்வதையும், கீறினால் பால் கசிவதையும் கண்டு, 'கள்' என்பதை வேராகக் கொள்ள ஆசை எழலாம். ஆனால் முள்ளும் தாழையும் முட்டாழை ஆவதுபோல் கள்ளும் தாழையும் கூடினால் கட்டாழையே வரும், றகரத்துக்கு அங்கே இடமில்லை. பெயரிட்டவர் நெய்தல் நிலத்துத் தாழையை நன்கறிந்தவர்: விளிம்பெல்லாம் முள்வரிசை கொண்ட நீண்ட மடல்கள் சுற்றிச் சுற்றி எழும் அந்தத் தோற்றத்தை நீரற்ற பாறைநிலத்தில் மறுபடி கண்டபோது, வடிவுக்குத் தாழையையும் வாழிடத்துக்குக் கல்லையும் எடுத்து ஒன்றாக்கினார். கல்வாழை, கல்லத்தி, கல்மூங்கில் என்று கல்லை முன்னொட்டாகச் சூடிய மரஞ்செடிகள் நம்மிடம் இன்னும் உண்டு. மலையாளத்தில் தாழை மறைந்து வாழை வந்து அமர, கற்றார்வாழ ஆயிற்று, கன்னடத்தில் கத்தாளெ. அமெரிக்காவிலிருந்து வந்து இருப்புப்பாதை ஓரங்களில் வேலியாய் நின்ற வேறொரு செடியையும் நாம் ஆனைக்கற்றாழை என்றும் ரயில் கற்றாழை என்றும் இவ்வினத்தில் சேர்த்துக்கொண்டோம். அதே செடியை ஆங்கிலேயரும் 'அமெரிக்க அலோ' என்றே அழைத்தனர் என்பதால், வடிவைக் கண்டு உறவு கூட்டுவது நம் இயல்பு மட்டுமன்று.

மடலை அடியில் அறுத்துச் சாய்த்து வைத்தால் முதலில் தோலை ஒட்டி மஞ்சள் நிறப் பால் கசிகிறது, நாவில் பட்டால் நெடுநேரம் நீங்காத கசப்பு. அது வடிந்தபின் தோலைச் சீவினால் கண்ணாடிபோல் தெளிந்த சதை. அந்தச் சதைக்குச் சோறு என்று பெயர், அதனால் செடி சோற்றுக்கற்றாழை. கசந்த பாலோ காய்ச்சி இறுகியதும் கரியபோளம் என்றும் மூசாம்பரம் என்றும் மருந்துக்கடையில் நிற்கிறது. மூசாம்பரம் அரபு வழி வந்தது. அம்மொழியில் கற்றாழைக்கும் பொறுமைக்கும் வேரெழுத்துகள் ஒன்றே. சித்த மருத்துவம் இச்செடியைக் குமரி என்றது. வடமொழியில் அதன் பெயர் நெய்க்குமரி எனப் பொருள்படும் கிருதகுமாரி; இந்தியில் அது கீகுவார் எனத் தேய்ந்தது, சிங்களத்தில் கோமாரிகா என வழங்குகிறது.

இனி, குளிர்நாட்டுக்குப் போவோம். பிரித்தானியாவில் கற்றாழைகளைத் தேடிச் சேர்த்து வளர்ப்போர் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு பெயர்ச்சீட்டைச் செருகி வைப்பர். அதில் முதற்சொல் பெரும்பாலும் 'அலோ'. கிரேக்கத்திலிருந்து இலத்தீன் வழியே வந்து, 1753இல் லின்னேயசு பேரினப் பெயராக நிலைநிறுத்திய அந்தச் சொல்லின் பழைய தடத்தைப் பின்பற்றினால் நம் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிறோம். எபிரேய மறைநூலில் நறுமணப் பொருள்களோடு எண்ணப்படும் 'அகாலீம்' என்பது அகில் கட்டையே என்றும், அப்பெயர் தமிழ், மலையாள மொழிகளின் அகிலோடு உறவுடையது என்றும் ஆய்வாளர் பலர் கருதுவர். அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் 'அலோ' என்று எழுதவே, மணக்கும் மரமும் கசக்கும் செடியும் ஒரே பெயருக்குள் புகுந்துகொண்டன. பின்னர் இரண்டையும் பிரித்துக்காட்ட, மரத்தை ஆங்கிலத்தில் 'லைன் அலோசு', அதாவது அலோக்கட்டை, எனக் குறிக்க வேண்டியதாயிற்று. போர்த்துகீசியர் செவியிலோ நம் அகில் 'ஆகுய்லா' ஆகி, அது கழுகைக் குறிக்கும் சொல்லோடு மயங்கி, ஆங்கிலத்தில் கழுகுக்கட்டை என்றே நிலைத்துவிட்டது.

இதில் எனக்கு உள்ளபடியே வியப்பளிப்பது இன்னொன்று. யோவான் நற்செய்தியில் இயேசுவின் அடக்கத்துக்காக நிக்கொதேமு கொண்டுவந்த 'அலோ'வைப் பழைய தமிழ் வேதாகமம் கரியபோளம் என்றது; சங்கீதத்தில் அதே பொருள் சந்தனம் ஆயிற்று. அகில் என்ற சொல் கடல் கடந்து, மொழி மாறி, நெடுங்காலம் கழித்துத் தமிழுக்கே திரும்பியபோது, அதற்கு உரிய இருக்கையில் கற்றாழைப் பாலும் சந்தனமும் அமர்ந்திருந்தன!

பெயர்ச்சீட்டில் அடுத்த சொல்லும் சுவையானது. அலோ வேராவின் 'வேரா' மெய்யானது என்று பொருள்படும் இலத்தீன். ஆனால் அந்த மெய்யான கற்றாழை உறைபனி தாங்காது, குளிர்காலத்தில் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். குளிரைத் தாங்குவன தென்னாப்பிரிக்க மலைகளின் உறவுகள். சன்னல் திண்டில் வளரும் வரிக்கற்றாழைக்கு ஆப்பிரிக்கான்சு மொழியில் 'கன்னிடூட்' என்று பெயர், சாக இயலாதது என்பது பொருள்; வேரோடு பிடுங்கி வாசலில் தலைகீழாய்த் தொங்கவிட்ட கற்றாழை வாடாமல் உயிரோடிருப்பதைக் கண்ட நமக்கு அப்பெயரை விளக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் தென்பகுதியில் திறந்த வெளியிலேயே நிற்கும் 'அலோ சிட்ரியாட்டுலா'வின் பெயர்ச்சீட்டை 2013க்குப் பிறகு மாற்றி எழுத நேர்ந்தது. தாவரவியலார் பழைய பேரினத்தைப் பிரித்தபோது, படர்ந்து வளரும் இதற்கு 'அலோயாம்பெலோசு' என்று பெயரிட்டனர். 'ஆம்பெலோசு' கிரேக்கத்தில் திராட்சைக்கொடி. எல்லோரும் ஏங்கும் செடி லெசோத்தோவின் சுருள்கற்றாழை. 'பாலிபில்லா', பல இலையுடையது, என்ற பெயருக்கேற்ப ஐந்து வரிசையாய்ச் சுழலும் மடல்கள், சில செடிகளில் வலமாகவும் சிலவற்றில் இடமாகவும் திரும்புகின்றன. பனி மூடும் மலைச்சரிவில் அது பிழைப்பது எப்படி? எரிமலைப் பாறையின் உடைகற்களுக்கு நடுவே நீர் நில்லாமல் ஓடிவிடுவதால்.

இங்கேதான் நம் சொல் தன் அருமையைக் காட்டுகிறது. குளிர்நாட்டில் கற்றாழையைக் கொல்வது குளிர் மட்டுமன்று, குளிரோடு சேர்ந்த ஈரம். சோறு நிறையத் தண்ணீர் ஏற்றிய மடல் உறைந்தால் உள்ளே கிழிந்து கூழாகும். வேர் காய்ந்திருந்தால் அதே செடி மேலும் சில பாகைகளைத் தாங்கும். ஆகவே அங்குள்ளோர் மண்ணில் பாதிக்கு மேல் சிறுகல்லும் நுரைக்கல்லும் கலப்பர், அக்டோபர் முதல் மார்ச் வரை தண்ணீரை ஏறத்தாழ நிறுத்திவிடுவர், வெளியில் நடுவதானால் சரிவான கற்படுக்கையில் நடுவர். அலோ, வேரா, பாலிபில்லா எதுவும் சொல்லாத இந்த வளர்ப்புமுறையைக் கற்றாழை தன் முதலசையிலேயே சொல்லிவிடுகிறது.

இலண்டனிலோ டொராண்டோவிலோ கற்றாழை வளர்க்கும் தமிழ் அன்பர்களே, சுருள்கற்றாழை வாங்கினால் விதையிலிருந்து வளர்த்த நாற்றையே வாங்குங்கள். மலையிலிருந்து அதைப் பெயர்த்தெடுப்பதை லெசோத்தோ சட்டத்தால் தடுத்திருக்கிறது. பெயர்ச்சீட்டில் இலத்தீனுக்குக் கீழே தமிழ்ப்பெயரையும் எழுதி வையுங்கள். கத்தாழை என்று எழுதிவிடாதீர்கள். றகரம் போனால் கல்லும் போய்விடும்.