காம்பு இல்லாத கோடாலி

அலாஸ்காவில் 'ட்வின் லேக்ஸ்' என்று இரண்டு ஏரிகள். அங்கே சாலையும் கிடையாது, கரண்டும் கிடையாது. ரிச்சர்ட் ப்ரென்னகி தன் கையாலேயே மரவீடு கட்டி, சுமார் முப்பது வருடம் வாழ்ந்த இடம் அது.

டீசல் மெக்கானிக்காக இருந்தவர், அதற்கு முன் கடற்படையில் தச்சர். 1967 கோடையில் வந்து ஸ்ப்ரூஸ் மரங்களை வெட்டி, பட்டை உரித்து அடுக்கிவிட்டுப் போய்விட்டார். பச்சை மரத்தில் சுவர் வைத்தால் காயும்போது சுருங்கி இடைவெளி விடும். அந்தக் குளிரில் இடைவெளி என்றால் உயிருக்கே ஆபத்து!

1968 மே மாதம் திரும்பி வந்தபோது வயது 52. விமானத்தில் சுமை குறைய வேண்டுமே என்று பல கருவிகளுக்குக் காம்பு எடுத்துவரவில்லை (காட்டில் மரத்துக்கா பஞ்சம்?). இரும்பை மட்டும் கொண்டுவந்து, காம்பை அங்கேயே செதுக்கிக்கொண்டார். கதவுக் கீல்கூட மரத்தில்தான். காலி பெட்ரோல் டின்கள் பாத்திரங்களாயின. கணப்பு அடுப்புக்கு ஏரிக்கரைக் கல். கூரைமேல் பாசி, ஆனால் அதற்கு அடியில் தார் பேப்பரும் பிளாஸ்டிக் தாளும் உண்டு. முழுக்க இயற்கை வீடு என்று சிலாகிப்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

'தன்னந்தனியாக' என்பதும் பாதிதான் உண்மை. மளிகையும் கடிதங்களும் பேப் ஆல்ஸ்வொர்த் என்ற விமானியின் சிறு விமானத்தில் வந்தன. அந்த விமானம் இல்லாமல் அவர் திட்டமே இல்லை.

80 வயது தாண்டியபின்தான் அங்கிருந்து கிளம்பினார். 2003-இல் காலமானார். வீடு இன்று லேக் கிளார்க் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பார்க்கப் போகிறவர்களும் விமானத்தில்தான் போகிறார்கள்.