வீடு கட்டிய இருவர்: கார்ல் லார்சனும் லாரி பேக்கரும்

ஒருவர் மறைந்ததும், "குடும்பமே உலகம் என்று வாழ்ந்தார், வீட்டைப் பார்த்துப் பார்த்துக் கட்டினார்" என்று நாலு பேர் சொன்னால் அதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை. அந்த மரியாதைக்கு முழுத் தகுதி உள்ள இருவரை அடுத்தடுத்து நிறுத்திப் பார்க்க நினைக்கிறேன். ஒருவர் ஸ்வீடன் நாட்டு ஓவியர் கார்ல் லார்சன். மற்றவர் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாகித் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். இருவரும் சந்தித்ததே இல்லை. பேக்கர் பிறந்து இரண்டு வருடத்துக்குள் லார்சன் இறந்துபோனார். ஆனாலும் இருவரின் பெயரும் ஒரு மனைவியோடும், கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த ஒரு வீட்டோடும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு குடும்பத் தலைவரை எதை வைத்து மதிப்பிடுவது என்ற கேள்விக்கு இந்த இரண்டு வீடுகளும் வெவ்வேறு பதில் சொல்கின்றன.

லார்சன் 1853-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தார். வறுமை என்றால் சாதாரண வறுமை இல்லை. நெரிசலான குடியிருப்பு, நோய், குடிகாரத் தந்தை. நீ பிறந்த நாளைச் சபிக்கிறேன் என்று அந்தத் தந்தை மகனிடமே சொன்னதை லார்சன் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டுதான் அவர் வரைந்த வீட்டுப் படங்களைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பிரான்சில் க்ரெ என்ற சிற்றூரில் ஸ்காண்டிநேவிய ஓவியர்கள் கூடியிருந்த இடத்தில் கரின் பெர்யோவைச் சந்தித்தார். 1883-ல் திருமணம். 1888-ல் கரினின் தந்தை, தாலர்னா வட்டாரத்தில் சுந்த்போர்ன் கிராமத்தில் ஆற்றங்கரையோரம் இருந்த ஒரு சிறிய மர வீட்டை அவர்களுக்குக் கொடுத்தார். பெயர் லில்லா ஹித்னேஸ். மாமனார் கொடுத்த வீடுதான், ஆனால் அதை வீடாக்கியது அந்தத் தம்பதி. பிள்ளைகள் எட்டுப் பேர் பிறந்தார்கள். ஒரு குழந்தை கைக்குழந்தையாகவே போய்விட்டது. பிள்ளைகள் பெருகப் பெருக அறைகளும் பெருகின. ஊர்த் தச்சர்களை வைத்து ஒரு பக்கம் இழுத்துக் கட்டினார்கள், மறு பக்கம் ஓவியக்கூடம் சேர்த்தார்கள். 1901-ல் அங்கேயே நிரந்தரமாகக் குடியேறினார்கள்.

அந்த வீட்டை உலகம் அறிந்தது 1899-ல் 'ஒரு வீடு' என்ற பொருள்படும் தலைப்பில் வெளியான நூல் வழியாக. அதற்கான நீர்வண்ணப் படங்களில் மிகத் தொடக்கத்தில் வரைந்தது என்று சொல்லப்படுவது ஒரு தண்டனைக் காட்சி. சாப்பாட்டு மேசையில் சேட்டை செய்த மகன் பொன்டுஸைப் பக்கத்து அறைக்குத் துரத்தியிருக்கிறார் தந்தை. சற்று நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், பையன் நாற்காலியில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். படத்தில் பையன் சின்னதாக ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறான். மீதி இடமெல்லாம் அறையே: வண்ணம் பூசிய பலகைகள், வெறும் தரை, வெளிச்சம். கோபித்த தந்தையே தூரிகையை எடுத்து அந்தக் கோபத்தின் விளைவை இவ்வளவு கனிவாக வரைந்திருக்கிறாரே என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். பிறந்த நாளைச் சபித்த தகப்பனுக்கு மகன் கொடுத்த மறுமொழி அந்தப் படம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி பேக்கர். 1917 மார்ச் 2-ல் பர்மிங்காமில் பிறந்தார். கட்டடக் கலை படித்தார், குவேக்கர் சமயப் பிரிவில் சேர்ந்தார். போர்க்காலத்தில் துப்பாக்கி எடுக்க மறுத்து, மருத்துவ உதவிப் படையுடன் சீனாவுக்குப் போனார். திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைச் சந்தித்தார். வீடு கட்டத் தேவையான பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்தைப் பேக்கர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1945-ல் தொழுநோய் மருத்துவமனைகளைக் கட்ட இந்தியா வந்தவர், ஃபைசாபாத்தில் மருத்துவர் பி. ஜே. சாண்டியின் வீட்டில் தங்கினார். சாண்டிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது அவருடைய வேலையைப் பார்த்துக்கொள்ள வந்தவர்தான் உடன்பிறந்தவரான மருத்துவர் எலிசபெத் ஜேக்கப். இரு குடும்பத்திலும் எதிர்ப்பு. 1948-ல் திருமணம் முடிந்தது.

தேனிலவுக்கு இமயமலைப் பக்கம் நடந்து போனார்கள். பித்தோராகட் பகுதியில் ஊர்க்காரர்களுக்கு, வந்திருப்பவர்களில் ஒருவர் மருத்துவர் என்று தெரிந்ததும் நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். தம்பதி அங்கேயே தங்கிவிட்டார்கள். ஏறக்குறைய 15 வருடம். அந்த மலையில் இருந்த காரணம் எலிசபெத்தின் மருத்துவம். பேக்கர் அதற்கான கட்டடத்தைக் கட்டினார், ஆள் குறைந்த இடத்தில் கையாளாக நின்றார். 1963-ல் கேரளத்துக்கு வந்து வாகமண் மலையில் மறுபடி ஒரு மருத்துவமனை. அதன் பிறகுதான் திருவனந்தபுரம். இன்று இந்தியாவெங்கும் கட்டடக் கலை மாணவர்கள் படிக்கும் பேக்கர், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு நமக்குக் கிடைத்தவர். அதற்கு முந்தைய வருடங்களில் அவர் முதலில் ஒரு மருத்துவரின் கணவர்.

இந்த இடத்தில்தான் இரண்டு வாழ்க்கைகளும் பிரிகின்றன. கரினும் சாதாரணப் பெண் இல்லை. ஸ்டாக்ஹோம் அரச கலைக்கழகத்தில் முறையாகப் பயின்ற ஓவியர். குழந்தைகள் பிறந்த பின் தூரிகை கையைவிட்டுப் போனது. கணவர் அதைத் தொடரும்படி வற்புறுத்தியவர் அல்லர் என்பதே பலரின் கணிப்பு. ஆனால் கலை அவரை விட்டுப் போகவில்லை. நெசவு நெய்தார், பூவேலை செய்தார், நாற்காலிகளை வடிவமைத்து ஊர்த் தச்சர்களிடம் செய்வித்தார், பிள்ளைகளுக்கும் தமக்கும் தளர்வான ஆடைகளைத் தைத்தார். கனத்த திரைகளும் இருண்ட மரச்சாமான்களும் மதிப்பாகக் கருதப்பட்ட காலத்தில், ஜன்னலில் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்து வெளிச்சத்தை உள்ளே விட்டார். கார்லுக்குப் புதிய பெரிய ஓவியக்கூடம் கட்டியதும், பழைய கூடம் குடும்பத்தின் வேலை அறையானது. கரினின் தறி அங்கே வந்தது. கணவர் வேலைக்கு ஒரு கூடம் போதாமல் இன்னொன்று எழுந்த பிறகே மனைவியின் வேலைக்கு இடம் ஒழிந்தது என்பதை நான் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

கார்லின் படங்களில் நாம் ரசிக்கும் பெரும்பகுதி கரின் செய்தது. மேசை விரிப்பு, சுவரில் தொங்கும் நெசவுத் துணி, நாற்காலி, குழந்தையின் சட்டை எல்லாமே. படத்தின் கீழே கையெழுத்து ஒன்றுதான். அவர் கொடியவர் என்று சொல்லவில்லை. மனைவியை மனமாரப் போற்றியவர், கதவுகளில்கூடக் குடும்பத்தாரின் உருவங்களை எழுதியவர். ஆயினும் ஒருவரைப் போற்றுவது வேறு, அவருடைய வேலைக்கு வழி விடுவது வேறு. 1883-ல் ஒரு ஐரோப்பியக் கணவரிடம் 1948-ன் நடைமுறையை எதிர்பார்க்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 1948-ல் நம் நாட்டில் எத்தனை கணவர்கள் மனைவியின் வேலைக்காக மலை ஏறினார்கள்?

பேக்கரின் வீட்டுக்கு வருவோம். திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில், யாரும் விரும்பாத ஒரு பாறைச் சரிவில் அவர் கட்டிய வீட்டுக்கு 'ஹாம்லெட்' என்று பெயர். சரிவை வெட்டிச் சமன் செய்யவில்லை. பாறை எப்படிப் போனதோ அப்படியே சுவரும் படியும் போகின்றன. இடித்த பழைய வீடுகளின் மரச்சாமான்களும் ஜன்னல்களும் அங்கே மறுவாழ்வு பெற்றன. உடைந்த ஓடும் பீங்கானும் சுவரில் சித்திரமாயின. லில்லா ஹித்னேஸைப் போலவே இதுவும் ஒரே மூச்சில் கட்டி முடிக்காமல் வருடக்கணக்காக வளர்ந்த வீடு.

ஆனால் லார்சன் வீட்டின் அழகு படமாக வெளியே போனது. பேக்கர் வீட்டின் அறிவு முறையாக வெளியே போனது. எலிப்பொறிக் கட்டு என்று கொத்தனார்கள் சொல்லும் முறையை எடுத்துக்கொள்வோம். வழக்கமாகச் செங்கல்லைப் படுக்கை வாட்டில் வைத்து ஒன்பது அங்குலச் சுவர் எழுப்புவோம். இதில் கல்லைக் குத்தாக, பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு வரிசைக்கும் நடுவே மூன்று அங்குல இடைவெளி விட்டு, அங்கங்கே குறுக்குக் கல்லால் பிணைக்கிறார்கள். சுவரின் தடிமன் அதேதான். செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம். நடுவில் நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கிறது. மேலே பூச்சு கிடையாது. கான்கிரீட் தளத்திலும் இதே கணக்கு: கீழ்ப்பாதியில் இழுவையைத் தாங்குவது கம்பிதான், அங்கே உள்ள கான்கிரீட்டுக்கு வேலை குறைவு. எனவே அந்த இடத்தில் கழித்த மங்களூர் ஓடுகளை அடுக்கி, சிமென்டையும் எடையையும் குறைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் கட்டுகிறார் என்பதற்காகக் கடன் வாங்கிப் பூச்சு பூசும் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று வீட்டுக் கடன் கட்டுபவர்களுக்குத் தெரியும்.

தம்பானூரில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள இந்தியன் காபி ஹவுஸுக்குள் போனவர்களுக்கு இது கையோடு புரியும். உருளை வடிவச் செங்கல் கட்டடம். தரை சுழன்று சுழன்று சரிவாக மேலே ஏறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேசையும் இருக்கையும் கட்டுமானத்தோடே சேர்ந்தவை. சுவரின் துளைகள் வழியாக வெயில் சிறு சிறு சதுரங்களாகத் தட்டில் விழும். மின்விசிறி இல்லாவிட்டாலும் வெக்கை தெரியாது. காபி குடிக்க வந்த கூலித் தொழிலாளிக்கும் அதிகாரிக்கும் அங்கே ஒரே இருக்கை. முதலமைச்சர் அச்சுத மேனன் காலத்தில் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தைக் கட்டியதும், செங்கல்சூளைக் குடிசைப் பகுதி மக்களுக்கு வீடு கட்டியதும் இதே கைதான். 1985-ல் உருவான 'காஸ்ட்ஃபோர்ட்' அமைப்பு அந்த முறைகளைக் கேரளம் முழுக்கப் பரப்பியது. பழைய கடித உறைகளின் பின்புறம் படம் வரைந்து, நாள்தோறும் கட்டுமான இடத்துக்குப் போய்க் கொத்தனாரோடு நின்று வேலை வாங்கியவர். 1990-ல் பத்மஸ்ரீ.

குடும்பத்தின் மேல் வைத்த அன்பு வீட்டுச் சுவருக்குள் நின்றுவிட்டதா, வெளியே கசிந்ததா என்று பார்த்தால் பேக்கரே மேல் என்று படுகிறது. ஆனால் படைப்பின் ஆழம் என்று வந்தால் என் மனம் சுந்த்போர்னுக்கே போகிறது. ஏனென்றால் அந்த வெயில் நிறைந்த படங்களுக்குப் பின்னால் இருந்த மனிதர் வெயிலில் வாழ்ந்தவர் இல்லை. 1905-ல் மகன் உல்ஃப் இளம் வயதில் இறந்தான். தன் மிகப் பெரிய படைப்பு என்று நம்பிய 'மித்வின்டர்ப்ளூத்' சுவரோவியத்தை, 1915-ல் முடித்தபோது, தேசிய அருங்காட்சியகம் ஏற்க மறுத்தது. பல கைகள் மாறி 1997-ல்தான் அது அங்கே நிலையாக வந்து சேர்ந்தது. மனச்சோர்வு அவரை விடாமல் தொடர்ந்தது. வீட்டின் மகிழ்ச்சியை அவர் கண்டெடுத்து வரைந்தார் என்பதைவிட, தான் பெறாததைப் பிள்ளைகளுக்காகத் தினமும் உழைத்து உண்டாக்கினார் என்று சொல்வதே பொருத்தம். அந்த உழைப்பில் பாதி கரினுடையது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இறந்த பின் நடந்ததும் வேறு வேறு. 1919-ல் லார்சன் இறந்தார், 1928-ல் கரின். சந்ததியார் ஒன்று சேர்ந்து அமைத்த சங்கம் வீட்டைப் பழையபடியே காப்பாற்றிவருகிறது. பார்வையாளர்கள் அறை அறையாகப் போய்ப் பார்க்கலாம். பேக்கர் 2007 ஏப்ரல் 1 அன்று, 90 வயதில், தான் கட்டிய வீட்டிலேயே கண் மூடினார். அவர் பெயரால் விளப்பில்சாலையில் நடக்கும் மையத்தில் இளைஞர்கள் கல் அடுக்கக் கற்கிறார்கள்.

மனைவிமார் கதையும் ஒரே மாதிரி முடியவில்லை. எலிசபெத் தன் கணவரைப் பற்றித் தானே ஒரு நினைவு நூல் எழுதினார். லாரியின் மறுபக்கத்தைக் காட்டும் நூல் அது. கரின் அப்படி ஒரு புத்தகம் எழுதவில்லை. 1997-ல் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியில் கார்ல், கரின் என்று இரண்டு பெயரும் சமமாகத் தலைப்பில் வந்தன. அதற்கு அவர் இறந்து அறுபத்தொன்பது வருடம் ஆகியிருந்தது.