பேட்டர்சீ மின் நிலையம்

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள, நிலக்கரியால் இயங்கிய பழைய அனல் மின் நிலையம். ஒன்றுபோல் கட்டப்பட்ட இரண்டு நிலையங்கள் சேர்ந்ததே இக்கட்டடம். லண்டன் பவர் கம்பெனி 1929இல் 'ஏ' நிலையத்தின் பணியைத் தொடங்கியது. 1933இல் மின் உற்பத்தி ஆரம்பமானது. 'பி' நிலையம் 1955இல் நிறைவடைந்த பிறகே இன்று நாம் அறிந்த நான்கு வெண்ணிறப் புகைபோக்கிகள் முழுமை பெற்றன.

நகரின் நடுவே இவ்வளவு பெரிய ஆலையா என்று அன்று கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த அச்சம் நியாயமானது. அதைத் தணிக்கவே, சிவப்புத் தொலைபேசிக் கூண்டை வடிவமைத்த கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் வெளித்தோற்றத்தைச் செதுக்கும் பொறுப்பை ஏற்றார். புகையிலிருந்த கந்தகத்தைத் தண்ணீரால் கழுவி நீக்கினார்கள். கழுவிய நீர் ஆற்றிலேயே கலந்தது என்பதையும் மறக்கலாகாது. நிலக்கரி கப்பலில் வந்து கரையிலேயே இறங்கியது. சுழலிகளைக் குளிர்வித்ததும் ஆற்று நீர்தான். மிஞ்சிய வெப்பம் குழாய் வழியே தேம்ஸைக் கடந்து எதிர்க்கரையின் பிம்லிகோ வீடுகளுக்குப் போனது. 'ஏ' நிலையக் கட்டுப்பாட்டு அறையின் சுவர்களில் இத்தாலியப் பளிங்கு பதித்திருந்தார்கள்.

'ஏ' 1975இலும் 'பி' 1983இலும் மூடப்பட்டன. 1980இலேயே பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தும், அது பல்லாண்டுகள் கூரையின்றிச் சிதைந்து கிடந்தது. பெரும் இழப்பு அது. 2012இல் மலேசிய நிறுவனங்களின் கூட்டமைப்பு வாங்கியது. அரித்துப்போன புகைபோக்கிகளைப் பிரித்தெடுத்து, அதே வடிவில் புதிதாய் எழுப்பினார்கள். கடைகள், அலுவலகங்கள், குடியிருப்புகளுடன் 2022 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.