ஒரு பென்னிப் பெட்டி

திருவல்லிக்கேணி நடைபாதையில் பழைய புத்தகம் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், நல்ல சரக்கு அடுக்கில் இருக்காது. கோணியின் மேல் கொட்டிக் கிடக்கிற 'எதை எடுத்தாலும் பத்து ரூபாய்' குவியலில்தான் ஒளிந்திருக்கும். லண்டனிலும் ஒரு கடை வாசலில் அப்படியொரு மலிவுப் பெட்டி இருந்தது. அதை வைத்தவர் பழைய புத்தக வியாபாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய தலை.

பெர்னார்ட் குவாரிட்ச் ஆங்கிலேயர் அல்லர். 1819-இல் பிரஷ்யாவின் வோர்பிஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். சொந்த நாட்டில் புத்தகக் கடைகளில் தொழில் பழகிவிட்டு 1842-இல் லண்டனுக்கு வந்து, ஹென்றி போன் என்ற பெரிய வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தார். விலகும்போது, போன் இங்கிலாந்தில் முதல் புத்தக வியாபாரி என்றால் தான் ஐரோப்பாவுக்கே முதல்வனாகப் போவதாக முகத்துக்கு நேரே சொன்னாராம். கதைதான். ஆனால் பிற்பாடு அவர் நடந்துகொண்டதைப் பார்த்தால், சொல்லியிருப்பார் என்றே தோன்றுகிறது. 1847-இல் லெஸ்டர் சதுக்கத்தை ஒட்டித் தனிக்கடை போட்டார்.

1858-இல் ஓர் ஏலத்தில் கூட்டன்பர்க் அச்சிட்ட பைபிளை 595 பவுன் கொடுத்து எடுத்தார். இன்று உலகம் முழுவதிலும் அதன் பிரதிகள் ஐம்பதுகூட இல்லை. நாற்பது ஆண்டுகளில் ஆறு பிரதிகள் இந்த ஒருவர் கைக்கு வந்து போயின. 1884-இல் சைஸ்டன் பார்க் நூலக ஏலத்தில் 1459-ஆம் ஆண்டு அச்சான, பைபிளின் சங்கீதங்கள் என்ற துதிப்பாடல்கள் அடங்கிய நூல் ஒன்றுக்கு 4,950 பவுன் கொடுத்தார். அச்சுப் புத்தகம் ஒன்றுக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

காலமும் அவருக்குக் கைகொடுத்தது. அமெரிக்கக் கோதுமை வந்து குவிந்ததில் இங்கிலாந்து நிலப்பிரபுக்களின் குத்தகை வருமானம் சரிந்தது. பரம்பரைச் சொத்தை விற்க 1882-இல் சட்டமும் வழிவிட்டது. தாத்தா சேர்த்த நூலகத்தைப் பேரன் ஏலத்துக்கு அனுப்ப, முன்வரிசையில் குவாரிட்ச் உட்கார்ந்திருப்பார். வாங்கியதைப் பதுக்கி வைக்கிற ஆளும் இல்லை. விலைப்பட்டியலாகப் போட்டு ஊருக்கே சொல்லிவிடுவார். 1880-இல் வந்த பட்டியல் இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல்!

இத்தனை கூர்மையான கண்ணுக்குத் தப்பிய புத்தகமும் ஒன்று உண்டு. அதுவும் அவரே வெளியிட்டது.

அதை ஆக்கிய எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் வசதியுள்ளவர், கூச்ச சுபாவி. நண்பர் கோவெலிடம் பாரசீகம் படித்தார். கோவெல் கல்கத்தாவுக்கு ஆசிரியராகப் போன இடத்தில், ஆசியக் கழக நூலகத்தில் இருந்த பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் பாடல் சுவடியைப் பெயர்த்தெழுதி அனுப்பினார். ஃபிட்ஸ்ஜெரால்ட் அதையெல்லாம் வைத்து 75 நாலடிப் பாடல்களை ஆங்கிலத்தில் ஆக்கினார். ஒரு பத்திரிகைக்கு அனுப்பி, அவர்கள் கிடப்பில் போடவே திரும்ப வாங்கி, 1859-இல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். பெயர் போட்டுக்கொள்ளவில்லை. விற்பனை குவாரிட்ச் கடையில். விலை ஒரு ஷில்லிங்.

யாரும் வாங்கவில்லை. ஷில்லிங் இறங்கி இறங்கி, கடைசியில் வாசலில் இருந்த ஒரு பென்னிப் பெட்டிக்கு வந்தது. 1861-இல் கெல்டிக் மொழி அறிஞர் விட்லி ஸ்டோக்ஸ் அதைக் கண்டெடுத்து, கவிஞர் ரோசெட்டிக்கு ஒன்று கொடுத்தார். ரோசெட்டியும் இன்னொரு கவிஞரான ஸ்வின்பர்னும் கடைக்கே போய்ப் பென்னிக்கு ஒன்றாக வாங்கினார்கள். மறுநாள் மீண்டும் போனால் விலை இரண்டு பென்னி ஆகியிருந்ததாம். ஸ்வின்பர்னே பிற்பாடு சொன்னது. புத்தகத்தின் அருமை தெரியாவிட்டாலும், வாங்க வந்தவர் முகம் பார்த்து விலை ஏற்றத் தெரிந்திருக்கிறது; எந்த ஊர் நடைபாதையிலும் இதுதான் நடக்கும்.

இரண்டாம் பதிப்பு 1868-இல்தான் வந்தது. அதையும் குவாரிட்சே வெளியிட்டார். பிறகு புத்தகத்தின் புகழ் தமிழ் வரை பரவியது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தமிழில் தந்த உமர் கய்யாம் பாடல்களுக்கும் மூலம் ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலம்தான். அன்று பெட்டியில் கிடந்த முதல் பதிப்புக்கு இன்று ஆயிரக்கணக்கான பவுன் விலை. குவாரிட்ச் 1899-இல் காலமானார். கடை பல இடம் மாறி, பல கை மாறி, அவர் பெயரிலேயே இன்றும் லண்டனில் நடக்கிறது.

நமக்கு வேண்டிய செய்தி இனிமேல்தான். ஸ்டோக்ஸ் 1862-இல் வழக்கறிஞராகச் சென்னைக்கு வந்தார். அதே ஆண்டு, லண்டனில் இரண்டாம் பதிப்பு வருவதற்கு ஆறு வருடம் முன்பே, அந்தப் புத்தகம் சென்னையில் யாரிடமும் அனுமதி கேட்காமல் அச்சாகியிருக்கிறது. ஸ்டோக்ஸின் கைங்கரியம் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தச் சென்னைப் பதிப்பு முதல் பதிப்பைவிட அரிது. பழைய வீட்டைக் காலி செய்கிறவர்கள் பரணில் ஒல்லியான ஆங்கிலக் கவிதைப் புத்தகம் எதையாவது கண்டால், பேப்பர்காரருக்குப் போடுமுன் ஆண்டை மட்டும் பார்த்துவிடுங்கள். மொழிபெயர்த்தவர் பெயரைத் தேடாதீர்கள், இருக்காது.