கலப்பு: பருத்தியிலும் மனிதரிலும்

'சாதி' என்கிற சொல் மனிதரைப் பிரிப்பதற்கென்றே பிறந்ததல்ல. தொல்காப்பிய மரபியலில் அது நீரில் வாழும் உயிர்களைக் குறித்து வருகிறது. ஆடு, மாடு, யானை, குரங்கு இவற்றின் குட்டிக்கு என்ன பெயர், ஆணுக்கு என்ன பெயர், பெண்ணுக்கு என்ன பெயர் என்று வரிசை போடும் இயல் அது. அதே இயலில்தான் அந்தணர், அரசர், வைசிகர், வேளாளர் என்ற வரிசையும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிற்காலத்தில் செருகியது என்பாரும் உண்டு. செருகியவன் இடம் பார்த்துத்தான் செருகியிருக்கிறான். விலங்குகளின் பட்டியலுக்குப் பின்னால் மனிதப் பட்டியலை வைத்துவிட்டால், இரண்டும் ஒரே மாதிரியான இயற்கைப் பிரிவு என்று தோன்றிவிடும் அல்லவா?

எங்கள் பாடாலூர்ப் பக்கம் இன்றைக்கும் சாதி மாடு, சாதி நாய் என்று சொல்வார்கள். பேச்சில் இருக்கும் இந்தக் குழப்பம் பேச்சோடு நின்றுவிடுவதில்லை. பல வருடங்களுக்கு முன் பக்கத்து ஊர் ஒன்றில், சொந்தக்கொல்லை உள்ள வீட்டுப் பெண் ஒருத்தி நம் தெருப் பையனோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். அந்த வருடம் முழுக்க நம் ஆட்களுக்குக் களையெடுப்பும் இல்லை, பருத்தி எடுப்பும் இல்லை. நியாயம் கேட்கப் போனவர்களிடம் ஒரு பெரியவர் கேட்ட கேள்வி: "ஏண்டா, ஆடும் மாடும் சேருமாடா?"

இந்தக் கேள்வியை வசவு என்று தள்ளிவிடாமல் உயிரியல் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

ஓர் இனம் என்றால் என்ன? தமக்குள் கூடி வளமான சந்ததியைப் பெறுவதும், பிறவற்றோடு அப்படிப் பெற முடியாமல் தடுக்கப்பட்டிருப்பதும் ஓர் இனம் என்று 1942இல் ஏர்ன்ஸ்ட் மயர் வரையறுத்தார். அந்தத் தடைகளை 1937இலேயே தியோடோசியஸ் டாப்ஷான்ஸ்கி முறையாகத் தொகுத்துப் பேசியிருந்தார். சில தடைகள் கூடுவதற்கு முன்பே வந்துவிடும். மழை பெய்த ராத்திரியில் ஏரிக்கரையில் கத்துகிற தவளைகளில் இனத்துக்கு ஒரு குரல்; பெண் தவளை தன் இனத்துக் குரலைத் தேடித்தான் போகும். சில தடைகள் கூடிய பிறகு வரும். கரு தங்காது; தங்கினாலும் பிறப்பது மலடாக இருக்கும். குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. கோவேறு கழுதைக்கு 63. ஜோடி சேராத எண். பொதி சுமக்கும், குட்டி போடாது.

நமக்குத் தெரிந்த பயிரில் சொல்வதானால் பருத்தி. பெரம்பலூர்க் கரிசலுக்குப் பருத்தி புதிதல்ல. இந்த நாட்டில் பழங்காலந்தொட்டு விளைந்த நாட்டுப் பருத்திக்கு 26 குரோமோசோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்குள் வந்த கம்போடியாப் பருத்தி அமெரிக்க வகை, அதற்கு 52. இரண்டையும் ஒரே கொல்லையில் பக்கம் பக்கமாக விதைத்தாலும் கலக்காது. வலிந்து கலந்தால், அபூர்வமாகத் தப்பி முளைக்கும் செடிக்கு 39 இருக்கும். மகரந்தம் உண்டாகும் நேரத்தில் அதில் 13 ஜோடி சேரும். மீதி 13 துணை இல்லாமல் நிற்கும். அவ்வளவுதான், செடி மலடு. இந்தத் தடைக்கு எந்தச் சாத்திரமும் தேவைப்படவில்லை. நாட்டுப் பருத்திக்கும் கம்போடியாவுக்கும் நடுவில் அரிவாளோடு யாரும் காவல் நின்றதில்லை.

இயற்கையின் இந்தச் சுவர்கூட முழுச் சுவர் இல்லை என்பது வேறு விஷயம். அமெரிக்கப் பருத்தியின் 52 எப்படி வந்தது? ஆசிய-ஆப்பிரிக்க வகையைச் சேர்ந்த ஒரு பருத்தியும் அமெரிக்காவின் காட்டுப் பருத்தி ஒன்றும் பத்து இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் கலந்து, குரோமோசோம் இரட்டித்து உண்டானது அது. 1940இல் பீஸ்லி என்பவர் கோல்கிசின் என்ற மருந்தைக் கொண்டு அப்படி ஒரு கலப்பைத் தோட்டத்திலேயே செய்து காட்டினார். (நம்மூர் வேலிகளில் படரும் கண்வலிக்கிழங்கிலும் இருக்கிற நஞ்சுதான் கோல்கிசின்.) இன்று உலகத்தில் விளையும் பருத்தியில் 90 விழுக்காட்டுக்கு மேல் இந்தக் கலப்பில் பிறந்த அமெரிக்க வகைதான். 'சுத்தம்' பேசுகிறவர் உடுத்தியிருக்கும் வேட்டியும் அநேகமாக அதில் நெய்ததுதான்.

1972இல் தார்வாடில் கத்தர்கி வெளியிட்ட வரலட்சுமி, இரண்டு தனி இனங்களைக் கலந்து வணிகத்துக்கு வந்த முதல் பருத்தி. இரண்டும் 52 உள்ளவை என்பதால் முதல் தலைமுறை செழிப்பாக வரும். அதன் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் அடுத்த தலைமுறை கண்டபடி சிதறிச் சீரழியும். பேரப்பிள்ளையிடம் போய் வேலையைக் காட்டும் தடை இது. விவசாயி வருடா வருடம் விதை வாங்கியே ஆக வேண்டும். அந்த விதையை வருடா வருடம் யாராவது கையால் உண்டாக்கியாக வேண்டும்.

அந்தக் கை யாருடையது? எங்க அக்கா பன்னிரண்டு வயதில் ஆத்தூர்ப் பக்கம் விதைப் பருத்திக் கொல்லைக்கு 'கிராசிங்' வேலைக்குப் போனாள். அவள் சொல்வாள்: "சாயங்காலம் நாளைக்குப் பூக்குற மொக்காப் பாத்து, கட்டவெரல் நகத்தால தோலோட சேத்து ஆம்பளத் தூள உரிக்கணும். நடுவுல இருக்குற தண்டு ஒடையக்கூடாது. செவப்புக் காயிதத்தப் போட்டு மூடணும். காலையில வேற பாத்தியிலேருந்து ஆம்பளப் பூவப் பறிச்சாந்து தடவணும். வெரல் எல்லாம் வீங்கிப்போவும்." வேறு மகரந்தம் பட்டுவிடக் கூடாது என்பதற்கு அந்தச் சிவப்புக் காகிதம். பூவுக்குப் போட்ட அந்த மூடியை எங்கள் பெண்கள் போட்டார்கள். தங்கள் வீட்டுப் பெண்களுக்கு மூடி போடும் வேலையைக் கொல்லைக்காரர்களே வைத்துக்கொண்டார்கள்.

இந்த மூடியைப் பற்றித்தான் 1916 மே 9ஆம் தேதி கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருபத்தைந்து வயது அம்பேத்கர் கட்டுரை வாசித்தார். சாதிக்கென்று தனியாக உள்ள ஒரே அடையாளம் அகமணம். அதைக் காப்பாற்றுவதற்காகவே உடன்கட்டையும், விதவைக் கோலமும், குழந்தை மணமும் ஏற்பட்டன என்றார். 1936இல் லாகூர்க் கூட்டத்துக்கு என்று எழுதி, பேசவிடாமல் தடுக்கப்பட்டு, தாமே அச்சிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் சென்னைப் பார்ப்பனரும் சென்னைப் பறையரும் ஒரே இனம்தான் என்று நேராகவே எழுதினார்.

மனுவின் பத்தாம் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். சூத்திர ஆணுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறந்தவன் சண்டாளன் என்கிறது. அதோடு நிற்கவில்லை. அந்தச் சண்டாளன் இன்னொரு கலப்புச் சாதிப் பெண்ணிடம் பெற்ற பிள்ளைக்கு ஒரு பெயர், அடுத்ததற்கு ஒரு பெயர் என்று நீட்டிக்கொண்டே போகிறது. நம்மை இழிவுபடுத்த எழுதிய பட்டியல் அது. ஆனால் அதை எழுதியவன் அறியாமலே ஒப்புக்கொண்டது என்ன? கலந்தார்கள், பிள்ளை பிறந்தது, அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறந்தது. 39 இல்லை, 63 இல்லை. எல்லோருக்கும் 46. உடம்பில் இல்லாத தடையைச் சட்டத்தில் வைத்தார்கள். வெள்ளைக்காரன் போன பிறகும் அது நீதிமன்றத்தில் இருந்தது. 1949இல் இந்துத் திருமணச் செல்லுபடிச் சட்டம் வந்த பிறகே, சாதி வேறு என்ற காரணத்துக்காக ஒரு திருமணம் செல்லாது என்று சொல்ல முடியாமல் போயிற்று.

2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஹைதராபாத்தின் தங்கராஜும் லால்ஜி சிங்கும் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்தியாவின் 70க்கும் மேற்பட்ட குழுக்களின் மரபணுவைப் பார்த்தார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை எல்லோரும் பரவலாகக் கலந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கதவு சாத்தப்படுகிறது. சாத்தியதால் என்ன கிடைத்தது? தனித் திறமை எதுவும் வந்து சேரவில்லை. பரம்பரை நோய்கள்தான் சேர்ந்தன. வைசியர் சிலருக்கு அறுவைச் சிகிச்சையின்போது கொடுக்கும் ஒருவகைத் தசைத் தளர்வு ஊசி ஆகாது என்பது மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர்களுக்குத் தெரிந்த சங்கதி. இனங்களின் தடைகளைத் தொகுத்த அதே டாப்ஷான்ஸ்கி, 1973இல் எழுதிய ஒரு நூலில் சாதியை மனிதர்மேல் நடத்தப்பட்ட மிகப் பெரிய மரபியல் சோதனை என்றும், இரண்டாயிரம் வருடம் நடத்தியும் அது தோற்றுவிட்டது என்றும் சொன்னார்.

தோற்ற சோதனையை அரிவாளால் நடத்துகிறார்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், கடைத்தெருவில், கேமரா பார்க்க நடத்தினார்கள்.

ஆடும் மாடும் சேருமா என்று கேட்ட பெரியவர் இப்போது இல்லை. திருப்பூருக்குப் போனவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளைப் பள்ளியில் சேர்க்கும்போது விண்ணப்பத்தில் சாதி கேட்டார்கள். அப்பா அம்மா இருவரில் ஒருவருடையதைப் போடலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். அப்பாவுடையதைப் போட்டிருக்கிறார்கள்.