காணொளிவழிக் கூட்டு வகுப்பு

காணொளிவழிக் கூட்டு வகுப்பு என்பது வெவ்வேறு பள்ளி மாணவர்கள் ஒரே செயல்திட்டத்தை நேரலையில் பேசிச் செய்யும் முறையாகும்.

2004 செப்டம்பர் 20 அன்று ஏவப்பட்ட எஜுசாட் செயற்கைக்கோள், கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத் தொடக்கப்பள்ளிகளுக்குப் பாடங்களைக் கொண்டுசென்றது. தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. இரண்டிலும் மாணவர் பெரும்பாலும் பார்வையாளரே.

2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஆசிரியர்கள் பலர் ஜூம், கூகுள் மீட் செயலிகளைப் பழகினர். கைப்பேசி இல்லாத பிள்ளைகள் அப்போது விடுபட்டனர். பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் வகுப்பு முழுவதும் ஒரே திரைமுன் அமர்ந்தால் இக்குறை நீங்கும்.

தமிழ், தெலுங்கு, கன்னடம் வழங்கும் ஓசூர் எல்லைப்பகுதிப் பள்ளிகளுக்கு மும்மொழிச் சொல் தொகுப்பு ஏற்ற செயல்திட்டம். செயலியை இயக்குவது எளிது. ஒவ்வொரு மாணவருக்கும் பேசவொரு பங்கு வகுப்பதே ஆசிரியர் கற்கவேண்டிய கலை.