சேர்வராயன் மலையில் தைலமும் மாத்திரையும்

சேர்வராயன் மலையில் வலிக்கான மருந்து நெடுங்காலம் காசு கொடுத்து வாங்கும் சரக்காக இருக்கவில்லை. தலைபாரத்துக்கு நொச்சித்தழை போட்டு ஆவி பிடிப்பதும், நெற்றியில் சுக்கை உரைத்துப் பற்றுப் போடுவதும் தமிழகத்தின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் கைவைத்தியம். 1820-களில் சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அதன்பின் தோட்டங்கள் பெருகின. கூலி வேலையும் கடைத்தெருவும் வந்தன. சரிவில் களை வெட்டி, பனியில் பழம் பறித்து, மூட்டை சுமந்தவர்களின் உடம்புவலிக்குக் கடைச்சரக்கு மருந்தானது அதற்குப் பிறகுதான்.

முதலில் பரவியது தைலம். 1843-இல் நீலகிரியில் நடப்பட்ட யூகலிப்டஸ் மரத்தின் இலையிலிருந்து வடித்த எண்ணெய்க்கு நீலகிரித் தைலம் என்றே பெயர் நிலைத்தது. சேர்வராயன் மலைமேலுள்ள ஏற்காட்டு ஏரிக்கரைக் கடைகளில் இன்றும் மிளகுக்கும் காப்பித்தூளுக்கும் பக்கத்தில் அது புட்டி புட்டியாக அடுக்கப்பட்டிருக்கிறது.

பெயர் பொறித்த மருந்தாக முந்திக்கொண்டது அமிர்தாஞ்சன். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் தொடங்கிய இத்தொழில் 1914-இல் சென்னைக்கு வந்தது. அவரே ‘ஆந்திர பத்திரிகா’ இதழையும் நடத்தியவர். விளம்பரத்தின் வலிமை அறிந்தவர். கடல்கடந்து பிழைக்கப் போன தமிழர்களுக்கு ரங்கூனில் பிறந்த புலித் தைலமும், 1928-இல் சிங்கப்பூரில் தொடங்கிய கோடாலித் தைலமும் பழக்கமாயின; ஊர் திரும்புவோரின் பெட்டியில் அவையும் வந்தன. பின்னர் விக்ஸும் ஜண்டு பாமும் களத்தில் இறங்கின.

இவற்றின் உள்ளடக்கத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், மெத்தில் சாலிசிலேட் போன்றவற்றுள் சிலவே அளவு மாறிக் கலந்திருக்கும். மெந்தால் தோலின் குளிர் உணர்வு நரம்புகளைத் தூண்டும். மெத்தில் சாலிசிலேட் சூட்டுணர்வு தரும். அதனால் போட்டி நடந்தது மணத்திலும் நிறத்திலும் சிறு டப்பியின் விலையிலும்தான். ஆயுர்வேத மருந்தாகப் பதிவான தைலங்களை விற்க மருந்துக்கடை உரிமம் தேவையில்லை. மளிகைக்கடை வரை அவை பரவியதற்கு இதுவே முக்கியக் காரணம்.

மாத்திரைப் போட்டி 1899-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஆஸ்பிரினுக்கு வணிகப் பெயர் பெற்றதிலிருந்து தொடங்குகிறது. அதே மருந்தை ஆஸ்ப்ரோ என்று ஆஸ்திரேலியர் விற்றனர். இந்தியாவில் அனாசின், சாரிடான், குரோசின் என்று பெயர்கள் பெருகின. ஆஸ்பிரின் வயிற்றைப் புண்ணாக்கும் என்பதால் பாராசிட்டமால் மேலோங்கியது. கொரோனா காலத்தில் டோலோ 650 வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராயிற்று. 2018 செப்டம்பரில் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடைசெய்தது. 1988-க்கு முன்பிருந்தே விற்பனையில் இருந்ததால் அவற்றுள் ஒன்றான சாரிடான் நீதிமன்றத்தில் தப்பியது.

மலைக் கிராமங்கள் போன்ற சிற்றூர்களுக்குச் சட்டத்தில் தனிச் சலுகை உண்டு. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் கே அட்டவணைப்படி, 1,000 பேருக்கு மேற்படாத சிற்றூரில் ஆஸ்பிரின், பாராசிட்டமால், வலித்தைலம், யூகலிப்டஸ் எண்ணெய் போன்றவற்றை உரிமமின்றி விற்கலாம். ஆனால் உரிமம் பெற்றவரிடம் வாங்கிய சரக்காக இருக்கவேண்டும். பிரிக்காத உறையோடு விற்கவேண்டும். மாத்திரை அட்டையைக் கத்தரித்து ஒன்றிரண்டாகக் கொடுக்கும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் துண்டாகிப் போகின்றன.

கடையில் பெயர்கள் பலவாயினும் மருந்துகள் சிலவே. சளி மாத்திரை பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது. அதோடு காய்ச்சல் மாத்திரையும் சேர்ந்தால் அளவு இரட்டிப்பாகும். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச அளவு 4 கிராம். அதைத் தாண்டினால் கல்லீரல் கெடலாம். வாங்குவோர் பார்க்கவேண்டியது அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சாகியுள்ள மருந்தின் பெயரையே.